போனில் மட்டும் மனைவி

மறதி நோய் என்றால் ஜனங்கள் ஒரு சாதுவான பெரியவரைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிறவர். மகளைப் பார்த்துத் தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர். பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கண்ணீர். இப்படி நினைக்கிறவர்களை எல்லாம் என் வார்டில் ஒரே ஒரு மத்தியானம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

என் இடது காது மடலில் ஒரு துண்டு இல்லை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் கடித்துத் துப்பியது. வலது சுண்டுவிரல் மடங்காது. ஒரு பாட்டு டீச்சர் கதவிடுக்கில் வைத்து நசுக்கிவிட்டு, 'அழாத, சுருதி போயிடும்' என்று அதட்டினார். நரம்பியல் படித்து, மறதி நோயையே பிழைப்பாக எடுத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மருத்துவமனையில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'அடிவாங்கி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவானுக்கும் போன வருஷம் இதே வார்டில் மூக்கு உடைந்தது. நான்தான் தையல் போட்டேன். கொஞ்சம் மெதுவாகவே போட்டேன்.

உயிரோடு இருப்பவர்களிடம் அடி வாங்கியது போக மீதி நேரத்தில் செத்தவர்களின் மூளையை நறுக்கியிருக்கிறேன். குடும்பத்தார் மனசு வந்து தானம் கொடுத்த மூளைகள், எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூடி போட்ட வாளிகளில் மருந்துத் தண்ணீரில் கிடக்கும். ரொட்டிக் கத்தியை விட நீளமான ஒரு கத்தியால் அவற்றைத் துண்டு போட்டு, எது எங்கே கெட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. உயிரோடு இருக்கும்போது இவர் யாரை அடித்தார், ஏன் அடித்தார் என்பதற்கு அந்தத் துண்டுகளில் பதில் இருக்கும் என்று நம்பினேன். பாதிப் பதில் இருந்தது.

அந்தப் பாதி இதுதான். ஒரு முகத்தைப் பார்த்ததும் 'இது இன்னார்' என்று சொல்ல மூளையில் ஒரு பாதை இருக்கிறது. 'இது நம்ம ஆள்' என்று நெஞ்சில் ஒட்டவைக்க இன்னொரு பாதை. ஒட்டவைக்கும் பாதை மட்டும் அறுந்துபோனால் வருவது பெரிய கொடுமை. எதிரே மனைவி நிற்பாள். அதே மூக்கு, அதே மச்சம், அதே சிரிப்பு. ஆனால் ஒட்டாது. மூளை சும்மா இருக்குமா? கதை கட்டிவிடும். இவள் அவளில்லை, அவளை மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வந்தவள் என்று சொல்லும். பிறகு அந்த வேஷக்காரியின் பாடு திண்டாட்டம்தான்.

குரலுக்குப் பாதை வேறு. அது பல பேருக்குக் கெடாமலே இருக்கும். இதைச் சொல்லித்தான் நான் பெயர் வாங்கினேன். இப்படி ஒரு நோயாளி வந்தால் என் வழக்கம் ஒன்றுதான்: மனைவியை அறைக்கு வெளியே நடைவழிக்கு அனுப்பி, அங்கிருந்து போன் போடச் சொல்வேன். சற்று முன் அவள் முகத்தில் காறித் துப்பிய மனுஷர் போனை எடுத்து, 'எங்கம்மா போயிட்ட, சாப்டியா?' என்று உருகுவார். கூட இருக்கும் மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். எத்தனையோ பேருக்கு மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே 'போன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த நோய் என் அக்கா வீட்டுக்காரருக்கு வந்தது.

அத்தான் பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயில் கையை விட்டுப் பிழைத்தவர். ஒரு குழந்தைகூட அவரைக் கடித்ததில்லை. 'வாயத் திற. நல்லாத் திற. ஆச்சு, ஆச்சு, வந்துடுச்சு பார்' என்று அவர் சொல்லும் தோரணையிலேயே பல் பாதி கழன்றுவிடும் என்பார்கள். அக்காவை அவர் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. மத்தியானம் ஆனால் கிளினிக்கிலிருந்து அவளுக்குப் போன் போடுவார். விஷயம் ஒன்றும் இருக்காது. 'சும்மாதான் கண்ணு' என்பார். என்னைக் கல்லூரிக் காலத்திலிருந்தே கேலியாக 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் நடை விறைத்து, அடி குறுகிப் போனது. பிறகு தூக்கத்தில் கையைக் காலை வீசினார். கூடத்து மூலையில் யாரோ குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். நான் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, நோயின் பெயரைச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு, 'சரி, பார்த்துக்கலாம்' என்றாள், ஏதோ பைப் ஒழுகுகிறது என்று சொன்ன மாதிரி.

ஒரு நாள் என் அறைக்கு அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவிழ்க்கச் சொன்னேன். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை.

"சீப்புல மாட்டிக்கிச்சு" என்றாள்.

"சீப்புல மாட்டினா தோலோட வராதுக்கா."

"உன் டாக்டர் புத்தியை எங்கிட்ட காட்டாத."

மருந்து வைத்துக் கட்டினேன். பிறகுதான் சொன்னாள். காலையில் காபி கொடுத்திருக்கிறாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'என் பொண்டாட்டியை என்ன பண்ணின?' என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்கே வீட்டுக்குப் போனேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"டாக்டரம்மா, உங்க அக்காவைக் கொன்னுட்டாங்க. அந்தப் பொம்பளை அவ துணியைப் போட்டுக்கிட்டு, அவ கப்புல காபி குடிக்கறா. எப்படி மனசு வருது? போலீசுக்குச் சொன்னா யாரும் வர மாட்டேங்கறாங்க. நானே பார்த்துக்கறேன்."

'நானே பார்த்துக்கறேன்' என்றால் என்ன என்று அடுத்தடுத்த வாரங்களில் தெரிந்தது. கொதிக்கிற தண்ணீரைத் தூக்கி வீசினார். குளியலறைக் கதவில் அவள் தலையை மோதினார். அக்காவின் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. நான் பொறுமை இழந்தேன்.

"போதும்க்கா. நாளைக்கே வார்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க, உன் இடத்துக்கா? கையைக் காலைக் கட்டிப் போட்டு, வெளியில பூட்டு போடற இடம்தான அது?"

"வேற வழி? அடிபட்டுச் சாகப் போறியா?"

"அவர் என்னை அடிக்கலடி. என்னைக் கொன்னவளை அடிக்கறார். எந்தப் பொண்டாட்டிக்கு இப்படி ஒருத்தர் கிடைப்பார், சொல்லு."

வாதம் செய்து வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு நேரமில்லை. சமாதானமாக ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் என் வைத்தியத்தைச் செய்து பார்ப்பேன். இன்னொரு முறை ரத்தம் வந்தால் அத்தானை வார்டில் சேர்த்துவிடுவேன். அவள் மறுபேச்சுப் பேசக்கூடாது. அக்கா தலையாட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடைசிவரை அந்த மனுஷரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

வைத்தியம், வேறென்ன, போன்தான். அக்கா பின்பக்கத்துப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்தில் இருக்கும் அவருக்குப் போன் போட வேண்டும். முதல் நாள் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போனைக் காதில் வைத்ததும் அந்த முகம் மலர்ந்ததே, அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"கண்ணு! உயிரோடதான் இருக்கியா? எங்க இருக்க?"

"வெளியூர்ல இருக்கேங்க. கொஞ்சம் வேலை."

"இப்ப வராத. இங்க ஒருத்தி இருக்கா, சரியில்ல."

"அவ நான் அனுப்பின நர்ஸுங்க. நல்லவ. அவ குடுக்கற மருந்தைச் சாப்பிடுங்க, என்ன?"

"நீ சொன்னா சரி."

அவ்வளவுதான். அன்று மாலை அந்த 'நர்ஸ்' கொடுத்த மருந்தை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, 'தேங்க்ஸ்மா' என்றார். அக்கா சமையலறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே போனது. தினம் மத்தியானம் அவள் போன் போடுவாள். கல்யாணமான புதிதில் பேசாததை எல்லாம் இருவரும் பேசினார்கள். அக்காவின் முகத்தில் காயங்கள் ஆறி, ஒரு பளபளப்புக்கூட வந்தது. 'உன் அத்தான் போன்ல என்ன வழியல் வழியறார் தெரியுமா' என்று என்னிடம் வெட்கப்பட்டாள், அந்த வயதில். எனக்கோ தலைகால் புரியவில்லை. இத்தனை தெளிவான ஒரு நோயாளி எனக்குக் கிடைத்ததே இல்லை. அவர்கள் பேசுவதை அனுமதியோடு பதிவு செய்தேன். அடுத்த மாநாட்டில் வாசிக்க ஒரு கட்டுரையைத் தொடங்கினேன். 'எழுது, எழுது, எங்களை வச்சு நீயாவது நல்லா இரு' என்று அக்கா சிரித்தாள்.

போகப் போக அத்தானின் கேள்விகள் மாறின. 'எப்ப வருவ?' என்று கேட்டவர், 'ஏன் வர மாட்டேங்கற?' என்று கேட்கத் தொடங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, 'அவ உன்னைப் பிடிச்சு வச்சிருக்காளா? ஆமான்னு மட்டும் சொல்லு' என்றார். பதிவில் நானே கேட்டேன். கேட்டுவிட்டு, சந்தேகம் கூடுகிறது என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்தேன். குரலும் முகமும் மூளையில் தனித்தனிப் பாதைகள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். அந்த வீட்டில் அவற்றுக்கு நடுவே இருந்தது தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்திருந்தோம். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா பின்பக்கத்து அறையில் இருந்தாள். அத்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது. எப்போதும் உட்கார்ந்துதான் பேசுவார். அந்தச் சத்தம் நடைவழியில் திரும்பி, படுக்கையறைப் பக்கம் போனது. போனில் ஒரு காதுக்குக் கேட்ட குரல், கதவு வழியாக இன்னொரு காதுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் அதைத் தேடிக்கொண்டு போனார்.

நான் ஈரக் கையோடு நடைக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தபடி, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள், அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணுக்கு அங்கே என்ன தெரிந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்ததே நான்தான். அந்தப் பொம்பளை. அவள் கையில் தன் மனைவியின் போன். அவள் வாயில் தன் மனைவியின் குரல்.

"குரலையும் எடுத்துட்டியா?" என்றார். கத்தவில்லை.

"என்னங்க, நான்தாங்க" என்றாள் அக்கா. வாழ்க்கையில் அவள் சொன்ன கடைசி வார்த்தை அது.

அவர் அவள் மேல் விழுந்தார். இடது கை தொண்டையைப் பிடித்தது. வலது கை தாடையை அழுத்தித் திறந்தது. பல் டாக்டரின் கை. எந்தத் தாடையை எங்கே அழுத்தினால் திறக்கும் என்று அதற்குத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டாம். "வாயத் திற. நல்லாத் திற" என்றார். விரல்களை உள்ளே விட்டார். "குடுடீ அதை. அது அவளோடது. குடுத்துடு." ஒரு பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. அக்காவின் கால்கள் போர்வையை உதைத்தன. அவருடைய கட்டைவிரல் அவள் குரல்வளையில் புதைந்துகொண்டே போனது.

நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். முடியைப் பிடித்து இழுத்தேன். பின்கழுத்தில் கடித்தேன். நோயாளிகளைக் கையாள எத்தனையோ முறை வகுப்பு எடுத்திருக்கிறேன். அதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் அசையவில்லை. சமையலறைக்கு ஓடி, அடுப்பிலிருந்த இரும்பு வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அக்காவின் தொண்டையைப் பிடித்திருந்த கையின் முழங்கையில் அடித்தேன். விடவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது அடிக்கு எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. விரல்கள் தளர்ந்தன. எனக்குக் கல்யாணப் பரிசாக ஒரு நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்த மனுஷரின் கையை நான் உடைத்தேன். உடைத்தபோது எனக்கு அத்தனை ஆத்திரம். இன்னும் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்தேன் என்றே நினைக்கிறேன்.

அக்கா கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தாள். வாயிலிருந்து ரத்தமும் காற்றும்தான் வந்தன. அத்தான் உடைந்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தரையில் ஊர்ந்துபோய்த் தன் போனை எடுத்தார். இணைப்பு அறுந்திருக்கவில்லை.

"கண்ணு, இருக்கியா? கண்ணு?"

மருத்துவமனையில் இரண்டு பேரையும் இரண்டு மாடிக்குக் கொண்டுபோனார்கள். நான் மேலேயும் கீழேயும் ஓடினேன். என் வார்டில் ஒரு சின்ன டாக்டர், கத்திக்கொண்டிருந்த அத்தானுக்குப் போட ஊசியில் மருந்தை நிரப்பிவிட்டான். அடங்காதவர்களுக்கு எல்லோரும் போடுகிற ஊசிதான். ஆனால் அத்தானுக்கு இருக்கும் வகை நோயில் அது விஷம். உடம்பு விறைத்து, ஜுரம் கொதித்து, சிலர் எழுந்திருப்பதே இல்லை. அவன் கையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தேன். ஊசி சுவரில் போய்க் குத்தியது.

"என்ன மேடம் இது?" என்றான் பேயறைந்த மாதிரி.

"கேஸ் ஷீட்டைப் படிக்காம இன்னொரு தடவை ஊசியைத் தூக்கினா உன் பல்லையும் கழட்டிடுவேன்."

ஆகவே ஊசி இல்லாமல், நல்ல கையையும் கால்களையும் பஞ்சு வைத்த வார்களால் கட்டினோம். உடைந்த கைக்கு மாவுக்கட்டு போட்டு, அதற்கும் ஒரு வார். கதவை வெளியே பூட்டினோம். அக்கா எதையெல்லாம் சொல்லி வேண்டாம் என்றாளோ, அதையெல்லாம் வரிசையாகச் செய்தேன்.

தொண்டை டாக்டர் என் பழைய வகுப்புத் தோழி. சுற்றி வளைக்கவில்லை. "குரல்வளை நொறுங்கிப் போச்சு. மூச்சுக்குக் கழுத்துல ஓட்டை போட்டுட்டேன். உயிருக்குப் பயமில்ல. குரல் இனிமே வராது."

அக்கா எழுந்து நடக்க முடிந்ததும் முதல் வேலையாக என் வார்டுக்கு வந்தாள். கழுத்தில் குழாய், தாடையில் கட்டு. நடையில் அவரை அடைத்திருந்த அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒப்பந்தத்தைச் சொன்னேன். ரத்தம் வந்துவிட்டது, இனி அவர் இங்கேதான் என்றேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தன்னைத் தொட்டுக் காட்டினாள், எதிரே இருந்த கதவைச் சுட்டிக் காட்டினாள். உதட்டசைவில் 'வீட்டுக்கு' என்றாள்.

உள்ளே அத்தான் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். நர்ஸ் ஊட்டியதைத் துப்பினார். "டாக்டரம்மா, உங்க அக்காவுக்கு ஒரு போன் போட்டுத் தாங்க. ஒரு நல்ல சேதி சொல்லணும். சொல்லிட்டுச் சாப்பிடறேன்" என்று மூச்சுக்கு முன்னூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். அதை அக்காவிடம் சொல்லியிருக்கக்கூடாது. அவள் கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் உள்ளே போய், அவர் போனிலிருந்து அவளுக்கு அழைப்புப் போட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி தலையணையில் வைத்துவிட்டு வந்தேன். கதவைப் பூட்டினேன். அக்காவின் மடியில் போன் அடித்தது. எடுத்தாள்.

"கண்ணு!" அத்தானின் குரல் அத்தனை உற்சாகமாக இருந்தது. "கேளு. அவளை முடிச்சிட்டேன். என் கையாலயே முடிச்சிட்டேன். இனிமே பயமில்ல. நீ வீட்டுக்கு வரலாம்."

அக்கா வாயைத் திறந்தாள். கழுத்துக் குழாயில் காற்றுதான் வந்தது.

"அழறியா? எதுக்கு அழற? கிளம்பி வா கண்ணு. எனக்கு நீ இல்லாம முடியல."

அக்கா எழுந்தாள். நேராகக் கதவுக்கு வந்தாள். நான் குறுக்கே நின்றேன். தள்ளினாள், நகரவில்லை. சாவி இருந்த என் பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி விலக்கினேன். அவள் என் கன்னத்தில் அறைந்தாள். என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள், ஒரு நாள்கூட அதட்டியதில்லை. போனைப் பிடித்த கையாலேயே மறுபடி அறைந்தாள். என் உதடு கிழிந்தது.

"என்ன சத்தம்?" என்றார் அத்தான். போனிலும் கதவு வழியாகவும் கேட்டது. "யாரு அங்க? கண்ணு, யாரு உன்னை அடிக்கறது? டேய், விடுடா அவளை! நான் வரேன், கண்ணு, இதோ வரேன்!"

கட்டில் இரும்பு தரையில் குதித்தது. வார்கள் இழுபடும் சத்தம். பிறகு மாவுக்கட்டுப் போட்ட கையைக் கட்டில் சட்டத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம், திரும்பத் திரும்ப. ஒவ்வொரு அடிக்கும் அவர் வலியில் அலறினார். அலறிவிட்டு, 'வரேன் கண்ணு' என்றார்.

அக்காவின் கை என் முகத்துக்கு நேரே நின்றுவிட்டது. கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தக் கண்ணாடியில் தன் முகம் அவர் கண்ணில் படாதபடி ஓரமாக ஒதுங்கி நின்றுதான் பார்த்தாள். பிறகு போனை அணைத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடினாள். என் கிழிந்த உதட்டைத் தன் துணி நுனியால் ஒற்றிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

உள்ளே அத்தான் 'ஹலோ, ஹலோ' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கதவைத் திறக்கவில்லை.